கடலூரும் குடும்ப ஜெபமும்

போன மாசம் சிதம்பரத்தில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். மச்சான் இறந்து ஒரு வருஷம் ஆகிறது. அதை ஒட்டி வீட்டில் ஒரு சின்ன ஜெபக் கூட்டம். ஐயர் வந்து ஜெபித்துவிட்டுப் போனார், எல்லாரும் சாப்பிட்டோம். பாத்திரமெல்லாம் கழுவி முடித்து, பாயை விரித்து உட்கார்ந்தபோது அக்கா வழக்கம்போல வேதத்தை எடுத்தார். தினமும் ராத்திரி எட்டரைக்கு அந்த வீட்டில் குடும்ப ஜெபம் உண்டு. கரண்ட் போனாலும் உண்டு, காய்ச்சல் வந்தாலும் உண்டு.

அக்கா பையன் மட்டும் எழுந்து வெளியே போய்விட்டான். ஜெபம் முடிந்து நான் திண்ணைக்குப் போனேன். கேட்டான்:

"மாமா, அப்பாவுக்காக நாப்பது நாள் ஜெபம் பண்ணோம். அம்மா உபவாசம் இருந்தாங்க. என்ன ஆச்சு? இன்னும் எதுக்கு தினமும் இது?"

என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. "கர்த்தருடைய சித்தம்" என்று ஒரு வார்த்தையில் முடித்திருக்கலாம். ஆனால் அப்பாவை இழந்த பையனிடம் அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. சும்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். மறுநாள் காலை பஸ்ஸில் பரங்கிப்பேட்டை முக்கு ரோடு தாண்டி கடலூர் திரும்பும்போது முழுக்க அவன் கேள்விதான் மண்டையில். நமக்குத் தெரிந்ததெல்லாம் கொஞ்சம் பழைய சரித்திரம். அதனால் அந்த வழியாகவே பதில் தேடிப் பார்த்தேன். சிதம்பரத்துக்கும் கடலூருக்கும் நடுவில் இருக்கிற இந்த நாற்பத்தைந்து கிலோமீட்டரிலேயே அவன் கேள்விக்குப் பாதி பதில் இருக்கிறது என்று தோன்றியது. அதைத்தான் எழுதுகிறேன்.

முதலில் வந்தது ஜெபம்தான்

ஒரு விஷயம் நிறைய பேருக்குத் தெரியாது. தமிழ் முதன்முதலாக அச்சு ஏறியதே ஜெபத்துக்காகத்தான். 1554-ல் லிஸ்பன் நகரத்தில் ஒரு சின்னப் புத்தகம் அச்சானது. தமிழ் வார்த்தைகள், ஆனால் ரோமன் எழுத்து. உள்ளே இருந்தது கிறிஸ்தவர்கள் தினமும் சொல்ல வேண்டிய ஜெபங்களும் அடிப்படைப் போதனையும். தமிழ் எழுத்திலேயே அச்சான 'தம்பிரான் வணக்கம்' 1578-ல் கொல்லத்தில் வந்தது. பதினாறே பக்கம். அதுவும் அதே வகைதான். திருக்குறள் அச்சேறுவதற்கு முன்னால், எந்த இலக்கணமும் அச்சேறுவதற்கு முன்னால், முத்துக்குளித்துறை மீனவர்கள் காலையிலும் சாயங்காலமும் சொல்ல வேண்டிய ஜெபம் அச்சேறிவிட்டது.

ஏன்? காரணம் எளிமையானது. பாதிரியார் ஒருத்தர், ஊர்கள் நூறு. அவர் வருஷத்துக்கு ஒரு தடவையோ இரண்டு தடவையோதான் ஒரு கிராமத்துக்கு வர முடியும். மீதி நாளெல்லாம் அந்த ஜனங்களைக் கிறிஸ்தவர்களாக வைத்திருப்பது எது? மனப்பாடமாகத் தெரிந்த நாலு ஜெபம். அவ்வளவுதான்.

புரொட்டஸ்டண்ட் பக்கம் வந்தாலும் கதை இதேதான். சீகன்பால்க் 1706 ஜூலை 9-ந்தேதி தரங்கம்பாடியில் வந்து இறங்கினார். தமிழ் படித்தார். லுத்தரின் சிறிய ஞானோபதேசத்தைத் தமிழாக்கினார். புதிய ஏற்பாடு அச்சாகி முடிந்தது 1715-ல். இந்த ஞானோபதேசம் 1529-ல் லுத்தர் ஜெர்மனியில் எழுதியது. சின்னப் புத்தகம்தான், ஆனால் அதில் ஒரு பகுதி எனக்கு ரொம்பப் பிடிக்கும். வீட்டுத் தலைவன் தன் வீட்டாருக்கு ஜெபம் பண்ண எப்படிக் கற்றுக்கொடுக்க வேண்டும் என்று சொல்கிற பகுதி. காலையில் எழுந்ததும் ஒரு ஜெபம், படுக்கப் போகும்போது ஒன்று, சாப்பாட்டுக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. ஒவ்வொன்றும் ஒரு நிமிஷத்துக்கு மேல் போகாது.

அதைவிட முக்கியம், ஜெபம் முடிந்தபின் என்ன செய்ய வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறார். காலை ஜெபம் முடிந்ததா, ஒரு பாட்டுப் பாடிக்கொண்டு சந்தோஷமாக வேலைக்குப் போ. இரவு ஜெபம் முடிந்ததா, நிம்மதியாக உடனே தூங்கு. முழங்காலிலேயே நாள் பூராவும் கிடக்கச் சொல்லவில்லை. இதைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

கடலூர் ஆறுமுகம்

இனி நம்ம ஊருக்கு வருவோம். தேவனாம்பட்டினம் பக்கத்துக் கோட்டையை 1690-ல் மராட்டியர்களிடமிருந்து இங்கிலீஷ்காரன் விலைக்கு வாங்கினான். பீரங்கிக் குண்டு சுட்டு அது விழுகிற தூரம் வரைக்கும் எல்லை என்று பேச்சு. அந்தக் குண்டு எல்லைக்குள் மாட்டிக்கொண்ட ஊர்களுக்கு 'குண்டு கிராமம்' என்றே பெயர் வந்தது. கோட்டைக்கு வைத்த பெயர் செயின்ட் டேவிட்.

அந்தக் கடலூரில் 1717-ல் சீகன்பால்க் ஏற்பாட்டில், சென்னை கவர்னர் காலெட் அனுமதியோடு, ஒரு தர்மப் பள்ளிக்கூடம் ஆரம்பித்தார்கள். அந்தப் பள்ளிக்கூடத்தின் சகவாசத்தில் கிறிஸ்தவத்தைத் தெரிந்துகொண்டவர் ஆறுமுகம் என்கிற கடலூர்ப் பையன். வியாபாரக் குடும்பம், வெள்ளாளர். வயது இருபதை ஒட்டி. அவர் தரங்கம்பாடிக்குப் போய் 1718-ல் சீகன்பால்க் கையால் ஞானஸ்நானம் பெற்று ஆரோன் ஆனார். உபதேசியாராக வேலை செய்தார். 1733 டிசம்பர் 28-ந்தேதி குருப்பட்டம் பெற்றார். இந்தியாவில் புரொட்டஸ்டண்ட் சபையில் குருப்பட்டம் பெற்ற முதல் இந்தியர் நம்ம கடலூர்க்காரர்தான். ஓ.டி.யில் போய் நாலு பேரைக் கேட்டுப் பாருங்கள், ஒருத்தருக்கும் தெரியாது.

ஆரோனுக்குக் கொடுத்த வேலை என்ன தெரியுமா? மாயவரம் வட்டாரத்தில் கிராமம் கிராமமாகச் சிதறிக் கிடந்த விசுவாசிகளைக் கவனிப்பது. ரோடு கிடையாது, காவிரியும் கிளை ஆறுகளும் குறுக்கே. தஞ்சாவூர் ராஜ்யத்தில் கிறிஸ்தவன் என்றால் சில இடங்களில் தொல்லையும் உண்டு. 1745-ல் இறக்கும் வரைக்கும் அவர் நடந்துகொண்டேதான் இருந்தார். ஒரு கிராமத்துக்கு ஆரோன் வந்துவிட்டுப் போனால் அடுத்து எப்போது வருவாரோ. நடுவில் இருக்கிற அத்தனை நாளும் அந்தக் குடிசையில் அப்பன் சொல்லிக்கொடுத்த காலை ஜெபமும் இரவு ஜெபமும்தான் சபை. கோயில் கட்டடம் கிடையாது, ஆர்கன் கிடையாது, மைக் செட் நிச்சயமாகக் கிடையாது :-)

தினசரி ஜெபத்தின் முதல் மதிப்பு இதுதான் என்று நினைக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை தடைபடலாம், குரு வராமல் போகலாம், வீட்டு ஜெபம் தடைபடாது. அதைப் பிடுங்கிக்கொள்ள யாராலும் முடியாது. இது சும்மா பேச்சுக்குச் சொல்கிற வசனம் இல்லை. கடலூரில் ஒரு தடவை இல்லை, இரண்டு தடவை பரீட்சை வைத்துப் பார்த்தாகிவிட்டது.

முதல் பரீட்சை: 1758

1737-ல் சர்தோரியஸ், கைஸ்டர் என்ற இரண்டு ஜெர்மன் மிஷனரிகள் சென்னையிலிருந்து கடலூருக்கு வந்து நிலையான ஊழியம் தொடங்கினார்கள். சர்தோரியஸ் அடுத்த வருஷமே இறந்துபோனார். 1740-ல் கிர்னாண்டர் வந்தார். சுவீடன்காரர், ஹாலேயில் படித்தவர்.

இங்கே நாம் மறைக்கக் கூடாத ஒரு சங்கதி உண்டு. 1749-ல் அட்மிரல் பாஸ்கவென், கத்தோலிக்கப் பாதிரிமார் பிரெஞ்சுக்காரனுக்கு ஆதரவு என்று காரணம் காட்டி அவர்களைக் கடலூரை விட்டு வெளியேற்றினார். அவர்களுடைய கோயிலைப் பிடுங்கி கிர்னாண்டர் கையில் கொடுத்தார். நம் ஆட்களும் சந்தோஷமாக வாங்கிக்கொண்டார்கள். அந்தக் கோயிலில் அதுவரைக்கும் முழங்கால் போட்ட கத்தோலிக்க ஜனங்கள் அடுத்த நாள் எங்கே போனார்கள் என்று மிஷன் சரித்திரம் எழுதினவர்கள் பெரிதாகக் கவலைப்படவில்லை.

ஆனால் அந்த ஜனங்களுக்கும் வீட்டில் ஜெபமாலை இருந்தது. காலை, மதியம், மாலை சொல்கிற மூவேளை ஜெபம் இருந்தது. விருத்தாசலம் பக்கம் கோணான்குப்பத்தில் வீரமாமுனிவர் மாதாவுக்கு உள்ளூர்க்காரர் வாயில் நுழையும்படி பெரியநாயகி என்று பெயர் வைத்தாரே, அந்தப் பெயரைச் சொல்லிக் கும்பிடுகிற வழக்கமும் இந்தச் சீமையில் இருந்தது. அட்மிரல் உத்தரவு போட்டு இதையெல்லாம் நிறுத்த முடியுமா? இன்றைக்கும் மஞ்சக்குப்பத்திலும் ஓ.டி.யிலும் சாயங்காலம் ஜெபமாலை சொல்கிற வீடுகள் இருக்கின்றன. கடலூர் பெயர் புதுச்சேரி உயர்மறைமாவட்டத்தின் பெயரிலேயே சேர்ந்திருக்கிறது.

பிடுங்கினவர்களுக்கும் அது நிலைக்கவில்லை. ஒன்பதே வருஷம். 1758-ல் பிரெஞ்சுத் தளபதி லாலி வந்தான். கடலூர் வீழ்ந்தது. ஜூன் 2-ந்தேதி செயின்ட் டேவிட் கோட்டையும் சரணடைந்தது. கோட்டையைச் சல்லி சல்லியாக உடைத்தார்கள். இன்றைக்குக் கெடிலம் கரையில் மிச்சம் இருக்கிற இடிபாடு அதுதான். கிர்னாண்டர் தரங்கம்பாடிக்குப் போய், அங்கிருந்து கல்கத்தாவுக்குக் கப்பலேறிவிட்டார். திரும்பி வரவே இல்லை.

1760-ல் இங்கிலீஷ்காரன் ஊரைத் திரும்பப் பிடித்தபின் ஹூட்டமன் என்ற மிஷனரி மறுபடி ஆரம்பித்தார். ஆரம்பிப்பதற்கு ஆட்கள் இருந்தார்களே, அதுதான் விஷயம்.

இரண்டாவது பரீட்சை: 1781 – 83

இருபது வருஷம் கழித்து இன்னும் பெரிதாக வந்தது. 1780 ஜூலையில் ஹைதர் அலி படையோடு கர்நாடகச் சீமைக்குள் இறங்கினார். ஊர் ஊராக எரிந்தது. ஜனங்கள் காட்டிலும் கோட்டைகளிலும் போய் ஒதுங்கினார்கள். பஞ்சம் வேறு.

சிதம்பரம் என்ன ஆனது தெரியுமா? நடராஜர் கோயிலே கோட்டையாகிவிட்டது. சுற்றிலும் உயர்ந்த கல் மதில், உள்ளே குளம், தண்ணீர்ப் பஞ்சம் இல்லை. சிப்பாய்க்கு வேறென்ன வேண்டும்? ஹைதரின் ஆட்கள் உள்ளே இருந்தார்கள். 1781 ஜூன் 18-ந்தேதி ராத்திரி ஜெனரல் அயர் கூட் அந்த மதில் மீது படையை ஏவினார். தோற்றுத் திரும்பினார். இரண்டு வாரம் கழித்து ஜூலை 1-ந்தேதி பரங்கிப்பேட்டையில் ஹைதரோடு பெரிய சண்டை, அதில் கூட் ஜெயித்தார். காலகாலமாக ஜனங்கள் கைகூப்பி நின்ற இடத்தில் பீரங்கி நின்றது. இதைப் படிக்கும்போது, நான் கிறிஸ்தவனாக இருந்தாலும், மனசு என்னவோ பண்ணுகிறது. யாருடைய கும்பிடுகிற இடமாக இருந்தால் என்ன?

அடுத்த வருஷம் கடலூர் முறை. 1782 மார்ச்சில் பிரெஞ்சுப் படை பரங்கிப்பேட்டையில் இறங்கி, ஹைதர் படையோடு சேர்ந்து, ஏப்ரல் தொடக்கத்தில் கடலூரைப் பிடித்தது. ஹூட்டமன் 1781-லேயே இறந்துவிட்டார். அங்கே தனியாக இருந்த மிஷனரி கெரிக்கே. 1767-லிருந்து கடலூரில் இருந்தவர், நாற்பது வயது. மிஷன் கோயிலைப் பிரெஞ்சுக்காரர்கள் வெடிமருந்துக் கிடங்காக்கிவிட்டார்கள்.

கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். சிதம்பரத்தில் கோயில் கோட்டையாகிவிட்டது, கடலூரில் சர்ச் மருந்துக் கிடங்காகிவிட்டது. ஒரே சண்டை, ஒரே வருஷக் கணக்கு. அந்த ஜனங்கள் ஜெபம் பண்ணியிருக்க மாட்டார்களா? பண்ணினார்கள். ஹைதர் வரக்கூடாது என்று வேண்டியிருப்பார்கள், வந்தார். ஊர் விழக்கூடாது என்று வேண்டியிருப்பார்கள், விழுந்தது. அக்கா பையன் கேட்ட கேள்வியை அன்றைக்கு எத்தனை பேர் கேட்டிருப்பார்கள்!

கெரிக்கே என்ன செய்தார்? ஓடிப் போகவில்லை. ஊர் கைமாறும் நேரத்தில், ஹைதரின் குதிரைப்படை உள்ளே புகுந்து கொள்ளையடிக்க விடாதபடி பிரெஞ்சுத் தளபதியிடம் போய்ப் பேசித் தடுத்தார் என்று மிஷன் சரித்திரங்கள் சொல்கின்றன. ஆபத்தில் இருந்த சில ஆங்கிலேய அதிகாரிகளைத் தன் வீட்டிலேயே ஒளித்துவைத்தார். பிடிபட்டிருந்தால் தலை போயிருக்கும். மறு வருஷம் 1783 ஜூனில் இங்கிலீஷ்காரன் வந்து கடலூரை முற்றுகை போட்டான். 13-ந்தேதி நடந்த சண்டையில் மட்டும் ஆங்கிலேயர் பக்கம் ஆயிரம் பேர் அளவுக்குச் சேதம். கடலில் வேறு கப்பல்கள் மோதிக்கொண்டன. மாசக் கடைசியில் ஐரோப்பாவிலிருந்து சமாதானச் செய்தி வந்து சேர்ந்து துப்பாக்கிகள் ஓய்ந்தன. வேடிக்கை என்னவென்றால், ஐரோப்பாவில் அந்த ஒப்பந்தம் ஜனவரியிலேயே ஆகிவிட்டது. செய்தி கப்பலில் வந்து சேர ஐந்து மாசம்! இடையில் செத்தவர்கள் எல்லாம் முடிந்துபோன சண்டைக்காகச் செத்தவர்கள்.

கெரிக்கே பிற்பாடு நாகப்பட்டினம் போனார், 1788-ல் சென்னைக்குப் போனார், 1803-ல் இறந்தார்.

ஸ்வார்ட்ஸ் ஐயர் வீட்டுப் பழக்கம்

இதே சண்டைக் காலத்தில் தஞ்சாவூரில் இருந்தவர் ஸ்வார்ட்ஸ். அவரும் இந்தியாவில் முதலில் கால் வைத்தது நம்ம கடலூரில்தான், 1750 ஜூலையில். அவருடைய தினசரிப் பழக்கத்தைப் பற்றி எழுதிவைத்திருக்கிறார்கள். காலையில் உபதேசியார்கள் எல்லாரும் அவர் வீட்டில் கூடுவார்கள். சேர்ந்து ஜெபம். அப்புறம் ஒவ்வொருத்தரையும் ஒவ்வொரு திசைக்கு அனுப்பிவிடுவார். சாயங்காலம் எல்லாரும் திரும்பி வந்து, இன்றைக்கு எங்கே போனேன், யாரைப் பார்த்தேன் என்று கணக்குச் சொல்ல வேண்டும். மறுபடி ஜெபம். பிறகுதான் வீடு.

லுத்தர் சொன்னது ஞாபகம் இருக்கிறதா? ஜெபம் முடிந்ததா, வேலைக்குப் போ. ஸ்வார்ட்ஸ் வீட்டில் அதை அப்படியே செய்தார்கள்.

அதன் பலன் பஞ்சத்தில் தெரிந்தது. தஞ்சாவூர்க் கோட்டைக்குள் தானியம் தீர்ந்துபோனது. கிராமங்களில் நெல் இருந்தது. ஆனால் குடியானவர்கள் கொண்டுவர மாட்டோம் என்றார்கள். ஏற்கெனவே கொண்டுவந்ததற்கு சர்க்கார் காசு கொடுக்காமல் ஏமாற்றியிருந்தது. ராஜா வாக்குக் கொடுத்தும் யாரும் நம்பவில்லை. கடைசியில் ஸ்வார்ட்ஸ் சொன்னார்: நீங்கள் கொண்டுவாருங்கள், பணத்துக்கு நான் பொறுப்பு. இரண்டே நாளில் ஆயிரம் மாடுகளுக்கு மேல் வந்து சேர்ந்தன. 80,000 கலம் தானியம் கோட்டைக்குள் வந்தது. பிறகு ஒவ்வொருவருக்கும் பேசியபடி காசு கொடுக்கப்பட்டது.

வந்த குடியானவர்களில் பெரும்பாலோர் இந்துக்கள். ஸ்வார்ட்ஸின் வேதம் அவர்களுக்குத் தேவைப்படவில்லை, அவர் வார்த்தை தேவைப்பட்டது. தினமும் இரண்டு வேளை கடவுளிடம் நேர்மையாகக் கணக்கு ஒப்புவிக்கிற மனுஷன் ஊராரிடம் பொய் சொல்ல மாட்டான் என்று அவர்கள் கண்டுகொண்டிருந்தார்கள். முப்பது வருஷப் பழக்கம் ஒரு நாளில் உதவியது. அதுவே சண்டை வந்த அன்றைக்கு மட்டும் முழங்கால் போட்டிருந்தால் அந்தப் பேர் கிடைத்திருக்குமா?

ஜெபம் நம்மையும் கேள்வி கேட்கும்

இப்படி எழுதும்போது ஜெபிக்கிறவர்கள் எல்லாம் உத்தமர்கள் என்று சொல்வதாக நினைத்துவிடாதீர்கள். அதே சபைகளில், அதே காலத்தில், சாதி பார்த்துத் தனித்தனியாக உட்கார வைத்தார்கள். ஆண்டவர் கற்றுக்கொடுத்த ஜெபத்தின் ஆரம்பமே கடவுளை நம் எல்லாருக்கும் பொதுவான தகப்பனாகக் கூப்பிடுவதுதான். அந்த வார்த்தையை ஒன்றாகச் சொல்லிவிட்டு, எழுந்ததும் இந்தப் பக்கம் நீ, அந்தப் பக்கம் நான்.

இது சிலருக்கு உறுத்தியது. கார்ல் ஓக்ஸ் என்ற ஜெர்மானியர் லைப்சிக் மிஷனில் இருந்தவர். சாதி விஷயத்தில் மிஷன் விட்டுக்கொடுத்துப் போவதை அவரால் ஏற்க முடியவில்லை. வெளியே வந்து, 1860-களில் நம்ம நெல்லிக்குப்பம் பக்கத்து மேல்பட்டாம்பாக்கத்தில் பெத்தானியா என்று ஒரு ஊழியத்தை ஆரம்பித்தார். டென்மார்க் மிஷன் அவரோடு சேர்ந்துகொண்டது. அதன் தொடர்ச்சிதான் இன்றைக்குக் கடலூரைத் தலைமையிடமாகக் கொண்ட ஆற்காடு லுத்தரன் திருச்சபை. அதனால் சாதி ஒழிந்துவிட்டதா என்று கேட்காதீர்கள், பதில் நமக்கே தெரியும். ஆனால் தினமும் வாயால் சொல்கிற ஒரு ஜெபம், என்றைக்காவது ஒரு நாள், யாரோ ஒருத்தனை உட்கார விடாமல் எழுப்பி நிறுத்தும்.

கடல் வந்த ஞாயிறு

2004 டிசம்பர் 26. ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்துமஸ் மறுநாள். காலை எட்டரை மணி வாக்கில் தேவனாம்பட்டினம், சிங்காரத்தோப்பு, சிதம்பரம் பக்கம் கிள்ளை என்று கரை முழுக்கக் கடல் ஏறி வந்தது. நம் மாவட்டத்தில் மட்டும் 600 பேருக்கு மேல் போனார்கள். பாதிப் பேர் குழந்தைகளும் பெண்களுமாகத்தான் இருந்திருப்பார்கள் என்று அன்றைக்கு ஆஸ்பத்திரி வாசலில் நின்றவர்களுக்குத் தோன்றியது. நிறைய பேர் அந்த நேரம் ஆராதனையில் இருந்தார்கள். ஜெபம் கடலை நிறுத்தவில்லை.

ஆனால் அன்று மத்தியானமே சர்ச் ஹால்களில் பாய் விரித்தாயிற்று. கோயில் மண்டபங்களில் உலை வைத்தார்கள். பரங்கிப்பேட்டையில் ஜமாஅத்தார் சாப்பாடு கொடுத்தார்கள், இடம் கொடுத்தார்கள், யார் எவர் என்று பார்க்காமல் செத்தவர்களை அடக்கம் பண்ண நின்றார்கள். ஐந்து வேளை தொழுகிறவரும், ஆறு கால பூஜைக்கு மணி அடிக்கிறதைக் கேட்டு வளர்ந்தவரும், ராத்திரி எட்டரைக்குப் பாய் விரிக்கிற நம்ம ஆளும் ஒரே தெருவில் சேறு மிதித்தார்கள். 2011 கடைசியில் தானே புயல் வந்து பலா, முந்திரி எல்லாம் சாய்ந்தபோதும் இப்படித்தான்.

அக்கா பையனுக்கு

சரி, அவனுக்கு என்ன பதில்?

அவன் அப்பாவை ஜெபம் காப்பாற்றவில்லை. அதை மாற்றிச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. கெரிக்கேயின் சர்ச்சையும் அது காப்பாற்றவில்லை. கேட்டால் கொடுக்கிற மிஷின் என்று ஜெபத்தை யாராவது அவனுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தால், அது தப்பான பாடம். மேடை போட்டு அப்படிச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆரோன் காலத்து ஞானோபதேசத்தில் அப்படி எழுதியிருக்கவில்லை.

ஆனால் அந்த நாற்பது நாளைப் பற்றி அவனுக்கு ஞாபகப்படுத்த ஒன்று இருக்கிறது. மச்சான் கடைசி நாட்களில் அவரைத் திருப்பிப் படுக்க வைத்தது, கஞ்சி ஊட்டியது, ராத்திரி முழித்திருந்தது எல்லாம் அக்காவும் அவனும்தான். ராத்திரி எட்டரைக்கு நாலு பேரும் அந்தக் கட்டிலைச் சுற்றி உட்கார்ந்தார்கள். பேச முடியாமல் போன பிறகும் மச்சான் உதடு மட்டும் கூடச் சேர்ந்து அசையும். சின்ன வயசில் மனப்பாடம் ஆனது, நினைவு தப்பின பிறகும் விட்டுப் போகவில்லை. காலையில் அக்கா எழுந்து ஜெபம் பண்ணிவிட்டு நேரே அடுப்படிக்குப் போவார். நான் ஒரு வாரம் கூட இருந்து பார்த்தேன். தூக்கமில்லாமல், அழுதுகொண்டே, ஆனால் ஒரு வேலை நிற்கவில்லை. அந்தத் தெம்பு அவருக்கு எங்கிருந்து வந்தது என்று நினைக்கிறான்? இப்போதும் தனியாக அந்த வீட்டில் எட்டரைக்குப் பாய் விரிக்கிறார். மச்சான் இருந்த இடத்தில் ஒரு நேரம் உண்டு என்று நாளுக்கு ஒரு தரம் உட்கார அவருக்கு வேறு என்ன இருக்கிறது?

இதைத்தான் நேற்று போனில் அவனிடம் சொன்னேன். இத்தனை சரித்திரமும் சொல்லவில்லை, பயப்படாதீர்கள். ஆறுமுகம் கதை மட்டும் கொஞ்சம் சொன்னேன். "கடலூர்க்காரரா மாமா?" என்று கேட்டான். நம்புகிறானா இல்லையா என்பது அவனுக்கும் ஆண்டவருக்கும் நடுவில். கடைசியாக ஒன்று கேட்டேன்: "நீ ஜெபம் பண்ண வேண்டாம்பா. அம்மா பண்ணும்போது வெளியே போகாமல் கூட உட்காரு. அது போதும்."

கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "சரி மாமா" என்றான்.

இன்றைக்கு ராத்திரி எட்டரை ஆனதும் எனக்கு ஞாபகம் சிதம்பரத்துக்குத்தான் போகும்.